டர்பன் வெக்கையில் 23 லிட்டர் பீர் கிட்: சாமான் நல்லது, காகிதத்தை ஒதுக்கி வையுங்கள்

வீட்டில் பீர் காய்ச்ச என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் விற்கும் "ஸ்டார்ட்டர் கிட்" எல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்குதான். வாளியின் நிறம் மாறும், டப்பாவின் படம் மாறும், உள்ளே இருப்பது பெரிதாக மாறாது. 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, ரப்பர் வளையம் பதித்த மூடி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர்ப் பூட்டு), திருகு குழாய், பாட்டில் நிரப்பும் குச்சி, ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தி அளக்கும் மிதவை), வாளியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை, மூடி அடிக்கும் கருவி, 50 மூடிகள், கிருமிநீக்கித் தூள் ஒரு பொட்டலம். இவற்றோடு ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) சேர்த்த மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் பாகு, 1.7 கிலோ டப்பா, அதன் தலையில் 7 கிராம் ஈஸ்ட், 1 கிலோ டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரை. 23 லிட்டர் பீருக்கான கணக்கு இது.

சாமானை நம்பி வாங்கலாம். கோணல் எல்லாம் கூடவே வரும் ஒரு பக்கச் செய்முறைக் காகிதத்தில்தான். குளிர்தேசத்து அடுப்படியை மனதில் வைத்து எழுதிய காகிதம் அது. கோடையான பிப்ரவரி மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலோ பீனிக்ஸ் பகுதியிலோ இருக்கும் ஒரு வீட்டில் அதை வரிக்கு வரி பின்பற்றினால், வாழைப்பழமும் நகப்பூச்சும் கலந்த மணத்தில் 23 லிட்டர் கிடைக்கும். பாகின்மேலும் வாளியின்மேலும் குற்றமில்லை, சூடுதான் காரணம். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி இடம் சூட்டுக்கே போகிறது.

காகிதம் சொல்வது இது: 2 லிட்டர் கொதிநீரில் பாகையும் சர்க்கரையும் கரைத்து, 23 லிட்டர் கோடு வரை குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட் தூவு. குழாயில் 12 டிகிரித் தண்ணீர் வருகிற ஊரில் இது சரியாக 20 டிகிரியில் வந்து நிற்கும். டர்பனில் கோடைக் குழாய்த் தண்ணீர் 25 டிகிரியைத் தொடும்போது இதே அளவுகளில் கலந்தால் வாளி 32, 33 டிகிரிக்குப் போய்விடும். அந்தச் சூட்டில் தூவிய ஈஸ்ட் வெறிபிடித்தாற்போல் ஓடும். முதல் 24 மணி நேரத்தில் அது உமிழும் பழமணமும் காட்டமான ஆல்கஹால்களும் பிறகு எத்தனை மாதம் வைத்தாலும் முழுதாகப் போகாது.

தீர்வு எளிது. முந்தின நாளே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, சுத்தமான ஐஸ்கிரீம் டப்பாக்களில் 3 கிலோ பனிக்கட்டி உறைய வையுங்கள். பாகு கரைத்த கொதிநீர் 2 லிட்டர், குழாய்த் தண்ணீர் 16 லிட்டர், அந்த 3 கிலோ பனிக்கட்டி. மூன்றும் சேர்ந்தால் கலவை 17, 18 டிகிரிக்கு அருகே வந்து நிற்கும். கடையில் மூட்டையாக விற்கும் ஐஸ் வேண்டாம். குளிர்பானத்தில் போட உகந்ததாக இருக்கலாம், கிருமி இல்லாதது என்று அதற்கு யாரும் உறுதி தருவதில்லை.

கலந்த நேரத்துச் சூடு ஒரு பக்கம். அதற்கடுத்த ஐந்து நாட்களின் சூடு இன்னொரு பக்கம். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே வெப்பம் விடும். உச்சத்தில் வாளிக்குள் அறையைவிட 3 முதல் 5 டிகிரி கூடுதலாக இருக்கும். அறை 27 என்றால் உள்ளே 31. பல காகிதங்கள் 27 டிகிரி வரை பரவாயில்லை என்கின்றன. ஈஸ்ட் சாகாது என்ற அளவில் அது உண்மை. ருசிக்கு வேண்டியது முதல் மூன்று நாள் 18 முதல் 20 வரை. அதன்பின் 22 வரை ஏறினால் கெடுதல் இல்லை, நொதித்தலை முடித்துவைக்க உதவவும் செய்யும்.

இதற்குப் பலரும் சொல்லும் வழி, வாளிக்கு ஈரத்துணி சுற்றி மின்விசிறியை ஓட விடுவது. ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில் அது அருமையாக வேலை செய்யும். கடலோரக் கோடையில் துணியே காய மறுக்கும். ஆவியாகாத ஈரம் எதையும் குளிர்விக்காது. இங்கே வேண்டியது தொட்டிக் குளியல். வாளியைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நிறுத்தி, சுற்றிலும் 20 லிட்டர் தண்ணீர் விட்டு, 2 லிட்டர் குளிர்பான பாட்டிலில் உறையவைத்த ஐஸைக் காலை ஒன்று, இரவு ஒன்று மிதக்க விடுங்கள். கணக்கின்படி ஒரு பாட்டில் முழுதாக உருகினால் வாளியும் தொட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 4 டிகிரி இறங்கும். நடைமுறையில் அறைச் சூடும் ஈஸ்ட்டின் சூடும் அதில் பாதியைத் தின்றுவிடும், மீதி போதும். வாளிமேல் ஒட்டிய வெப்பமானிப் பட்டை தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். நனைந்தால் அது தொட்டியின் சூட்டைத்தான் காட்டும்.

பழைய பிரிட்ஜ் ஒன்று இருந்தால் அதற்கு ஈடு வேறில்லை. எஸ்டிசி-1000 போன்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை மாட்டி, உணர்கம்பியை வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே மடித்த துணியால் மூடுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கம்பி காற்றின் சூட்டை அளந்துகொண்டிருக்கும், உள்ளே பீர் தன்போக்கில் ஏறும். லோட் ஷெடிங்கைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் 23 லிட்டர் திரவம் இரண்டு மணி நேரத்தில் பெரிதாக அசையாது. கவனிக்க வேண்டியது மின்சாரம் திரும்பும் நொடி: கம்ப்ரசர் உடனே உதைத்து எழாமல் இருக்க, கருவியில் தாமத நேரத்தை 5 நிமிடத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

பிரிட்ஜும் இல்லை, தொட்டியோடு மல்லுக்கட்ட நேரமும் இல்லை என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. டப்பாவோடு வந்த ஈஸ்ட்டை ஒதுக்கிவிட்டு, நார்வே நாட்டுப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த குவைக் வகை ஈஸ்ட்டைப் பயன்படுத்துவது. லாலேமண்ட் விற்கும் வாஸ் குவைக் 11 கிராம் பொட்டலத்துக்கு 35 முதல் 40 டிகிரிதான் உகந்த சூடு. மற்ற ஈஸ்ட்டைக் கெடுக்கும் வெப்பத்தில் இது லேசான ஆரஞ்சு மணத்தோடு இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். கிட் பீர் மெல்லிய பீர் என்பதால் குவைக்குக்குத் தீனி போதாமல் போகலாம், ஈஸ்ட் ஊட்டச்சத்து சேர்த்துக்கொள்ளுங்கள். டர்பன் ஜனவரிக்கு இதைவிடப் பொருத்தமான ஈஸ்ட் எங்களுக்குத் தெரியாது. ஒன்று மட்டும்: லாகர் (குளிரில் நொதிக்கும் பீர் வகை) போன்ற துடைத்த சுத்தமான ருசி இதில் வராது.

டப்பாவோடு வரும் ஈஸ்ட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். 7 கிராம் என்பது 23 லிட்டருக்குக் குறைந்தபட்ச அளவு, தாராளம் இல்லை. அதுவும் கப்பலிலும் கிடங்கிலும் கடை அலமாரியிலும் வெக்கையில் கிடந்து வந்தது. மேலே "லாகர்" என்று எழுதியிருந்தாலும் பல டப்பாக்களில் உள்ளே இருப்பது அதைவிடச் சூட்டில் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட்தான், அதனால் 12 டிகிரியில் வைத்துப் பார்க்காதீர்கள், தூங்கிவிடும். பிரிட்ஜில் வைத்து விற்கும் கடையில் யுஎஸ்-05 என்ற ஏல் ஈஸ்ட் பொட்டலம் (11.5 கிராம்) ஒன்று வாங்கிப் போடுவது இந்தக் கிட்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சின்னச் செலவு.

அடுத்து டெக்ஸ்ட்ரோஸ். கரும்புக்காட்டுக்கு நடுவே இருக்கும் நம் நேட்டால் மாகாணத்துக்காரர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி: வெள்ளைச் சர்க்கரை போட்டால் என்ன? போடலாம். 1 கிலோ டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதில் 900 கிராம் வெள்ளைச் சர்க்கரை அதே வேலையைச் செய்யும். புளித்த ஆப்பிள் மாதிரி ஒரு ருசி வரும் என்று சொல்வார்கள். அந்த ருசிக்குப் பெரும்பாலும் காரணம் பழைய பாகும் அதிகச் சூடும்தான். ஆனால் இரண்டு சர்க்கரைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: முழுதாக நொதித்துப் போய், உடம்பில்லாத தண்ணீர்த்தனமான பீரைத் தரும். காகிதத்தின்படி 23 லிட்டரில் தொடக்க அடர்த்தி 1.038 அளவில் இருக்கும், 1.008-இல் முடியும், ஆல்கஹால் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. குடித்தால் சப்பென்று இருக்கும், நுரை நிற்காது.

எங்கள் அளவு இது: டெக்ஸ்ட்ரோஸை எடுத்து வைத்துவிட்டு வெளிர்நிற உலர் மால்ட் தூள் 1 கிலோ, மொத்தம் 23-க்குப் பதில் 21 லிட்டர். தொடக்கம் 1.042, முடிவு 1.011 அருகே. ஆல்கஹால் பெரிதாக ஏறாது, ஆனால் நாக்கில் ஒரு கனம் வரும், நுரை கிளாஸின் பாதி வரை கூட வரும். மால்ட் தூளைக் கொதிநீரின் ஆவிக்கு நேரே கொட்டினால் கட்டிகட்டியாகிக் கரண்டியில் தார்போல் ஒட்டும். முதலில் கொஞ்சம் குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்டு பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

டப்பாவில் இருக்கும் கசப்பு போதும், மணம்தான் போதாது. அதற்கு நம் நாட்டு ஹாப்ஸே இருக்கிறது. வெஸ்டர்ன் கேப்பில் ஜார்ஜ் ஊரைச் சுற்றி விளைவது. ஹாப்ஸ் கொடிக்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும், அந்த அட்சரேகையில் அது கிடைக்காததால் முன்பு தோட்டங்களில் விளக்கு எரித்துப் பகலை நீட்டி வளர்த்தார்கள். பிறகு உள்ளூர்ப் பகலுக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கினார்கள். அதில் சதர்ன் பேஷன் கிரனடில்லாப் பழம்போல (பேஷன் ஃபுரூட்) மணக்கும், ஆப்பிரிக்கன் குவீன் நெல்லிக்காயையும் எலுமிச்சைப் புல்லையும் நினைவூட்டும். நொதித்தல் வேகம் அடங்கிய ஐந்தாம் நாள், கொதிநீரில் போட்டு எடுத்த மஸ்லின் துணியில் 40 கிராம் வில்லைகளைக் கட்டி உள்ளே விடுங்கள். மூன்று நாள் போதும். அதற்கு மேல் விட்டால் புல்வாடை ஏறும்.

கருவிகளில் வாளியும் நிரப்பும் குச்சியும் முதல் தரம். குச்சியின் நுனி வால்வு பாட்டில் அடியைத் தொட்டால் திறக்கும், தூக்கினால் மூடும். விளிம்பு வரை நிரப்பிக் குச்சியை வெளியே எடுத்தால் கழுத்தில் விட வேண்டிய இடம் தானாகவே சரியாக அமைந்துவிடும். ஏர்லாக் குமிழ் விடவில்லை என்று பலர் இரண்டாம் நாளே பதறி இன்னொரு ஈஸ்ட் வாங்க ஓடுகிறார்கள். மூடியின் ஓரத்தில் காற்று கசிந்தால் குமிழ் வராது, பீருக்கு ஒன்றும் ஆகாது. மேலே பழுப்பு வளையமாக நுரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேலை நடக்கிறது.

குழாய்தான் பலவீனமான இடம். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே மாட்டாதீர்கள். இழுத்தால் இரண்டாகக் கழலும். உள்ளே ஒளிந்திருக்கும் பள்ளத்தில் முந்தின தடவையின் மண்டி தங்கி, அடுத்த தடவையைப் புளிக்க வைக்கும். ஒவ்வொரு முறையும் கழற்றி, கழுவி, கிருமிநீக்கியில் ஊறவைத்து மாட்டுங்கள்.  மாட்டியதும் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கசிவு பாருங்கள். 21 லிட்டர் பாகு நீர் இரவில் தரையில் ஓடினால் மறுநாள் வீட்டு எறும்பெல்லாம் அங்கேதான் இருக்கும்.

கிருமிநீக்கித் தூள் ஒரு தடவைக்குத்தான் வரும். அடுத்த தடவைக்குப் பலரும் வீட்டில் இருக்கும் ஜிக் என்ற குளோரின் பிளீச்சை எடுக்கிறார்கள். கழுவாமல் விட்ட சொட்டுக் குளோரினும் பீரின் பீனால்களும் சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை வரும், மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமில வகை (ஸ்டார் சான் என்றால் லிட்டருக்கு 1.5 மில்லி) வாங்கி வைப்பது நல்லது. குழாய்த் தண்ணீரிலும் குளோரின் உண்டு. 21 லிட்டருக்கு அரை கேம்டன் மாத்திரையைப் பொடித்துக் கலந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

ஹைட்ரோமீட்டர் மெல்லிய கண்ணாடி, 20 டிகிரிக்கு அளவிட்டது. 28 டிகிரியில் பார்த்தால் வந்த எண்ணோடு 0.002 கூட்டிக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 27 அன்று ஊரடங்கோடு மது விற்பனைக்குத் தடை வந்தபோது வீட்டுக்கு வீடு அன்னாசி பீர் போட்டார்கள், பாட்டில் வெடித்த கதைகளும் கூடவே வந்தன. அன்னாசியின்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. அளந்து பார்க்காமல் நாள் கணக்கை நம்பி மூடியதுதான் காரணம். கிட்டில் இந்த ஒரு கண்ணாடிக் குழாய்தான் உங்கள் கையையும் கண்ணையும் காப்பது. காகிதம் "6 நாளில் பாட்டில் செய்" என்றாலும் செய்யாதீர்கள். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவு ஒன்றாக இருக்க வேண்டும், 1.012-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1.020-இல் நின்றுவிட்டால் அது முடிவல்ல: வாளியை மெல்லச் சுழற்றி மண்டியைக் கிளப்பி, 22 டிகிரிக்கு ஏற்றி, மூன்று நாள் கொடுங்கள்.

பாட்டில் கணக்கில் கிட் ஏமாற்றம் தரும். 50 மூடி வருகிறது. அடியில் 2 லிட்டர் மண்டி போக 19 லிட்டர் மிஞ்சினால், 750 மில்லி குவார்ட் பாட்டிலில் 25 ஆகும், மூடி மிச்சம். 340 மில்லி டம்பி என்றால் 55 வேண்டும், மூடி பத்தாது. டம்பியில் இன்னொரு சிக்கலும் உண்டு: கையால் திருகித் திறக்கும் வகையின் வாயில் மரை இருக்கும், இரண்டு கைப்பிடிக் கருவியால் அடித்த மூடி அதில் சரியாகப் பிடிக்காது, வாயு கசியும். ஓப்பனர் போட்டுத் திறக்கும் பழுப்பு குவார்ட்டே நம்பகமானது. பச்சை, வெள்ளைப் பாட்டில் வெயிலில் அரை மணி நேரம் இருந்தாலே ஹாப்ஸ் கெட்டு ஒருவிதத் துர்நாற்றம் வரும்.

வாயு ஏற லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை. குவார்ட்டுக்கு 4.5 கிராம், டம்பிக்கு 2 கிராம். தேக்கரண்டியால் ஒவ்வொரு பாட்டிலாகப் போட்டால் ஒன்று பொங்கும், ஒன்று சவசவ என்று இருக்கும். 19 லிட்டருக்கு 114 கிராமை ஒரு கோப்பை நீரில் கொதிக்கவைத்து, இரண்டாவது வாளியில் ஊற்றி, அதன்மேல் பீரைச் சலசலப்பில்லாமல் குழாய் வழியாக இறக்குவதே ஒழுங்கான முறை. அந்த இரண்டாவது வாளி கிட்டில் இல்லை என்பது எங்கள் கணக்கில் பெரிய குறை. வாங்கும்போதே கேட்டு ஒன்று சேர்த்து வாங்குங்கள். சேர்த்து வாங்கவேண்டாதது, கடைக்காரர் கூடுதலாகக் காட்டும் தெளிவிப்பான் பொட்டலம். பிரிட்ஜில் ஒரு வாரம் அதையேதான் செய்யும்.

லிச்சி, மாம்பழக் காலத்தில், அதாவது டிசம்பர் சமயம், வீட்டில் பழ ஈ மொய்க்கும். ஒரு ஈ உள்ளே விழுந்தாலும் காடிக் கிருமியைக் கொண்டுவரும். ஏர்லாக்கில் தண்ணீர் வற்றாமல் பாருங்கள், பாட்டில் நிரப்பும்போது கதவு ஜன்னலைச் சாத்துங்கள்.

எப்போது தொடங்குவது? தைப்பூசக் காவடி விரதம் வருகிற ஜனவரி, பிப்ரவரியில் வாளிக்கும் ஓய்வு கொடுத்துவிடலாம், ஆண்டிலேயே மோசமான சூடு அப்போதுதான். மே முதல் ஆகஸ்ட் வரை ஐஸும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். ஆகஸ்ட் முதல் வாரம் வாளியில் ஊற்றி, நான்காம் வாரம் பாட்டிலில் அடைத்து, 20 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் இரண்டு வாரம் வைத்தால், செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறக்கும்போது வாயு ஏறி முடிந்திருக்கும். விரதம் இருக்கிற வீட்டில் அந்த ஒரு மாதம் யாரும் மூடியைத் தொட மாட்டார்கள். கிட் பீருக்கு வேண்டியதும் அதுவேதான்: பச்சை ஆப்பிள் வாடை அடங்கி, மண்டி அடியில் இறுகி, கசப்பின் கூர் மழுங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவசரப்பட்டு இரண்டாம் வாரமே திறந்து "கிட் சரியில்லை" என்பவர்கள் பாதி வெந்த சோற்றைக் குறை சொல்கிறவர்கள். தகரக் கூரை போட்ட கராஜில் மட்டும் வைக்காதீர்கள்; வசந்த காலத்திலேயே அங்கே சூடு ஏறி ருசி கெடும், அழுத்தமும் கூடும்.

வீட்டுக்குக் குடிக்கக் காய்ச்சுவதோடு நிறுத்துங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காசு கொடுக்கிறேன் என்றாலும் லைசென்ஸ் இல்லாமல் விற்பது குற்றம்.

வாங்கும்போது டப்பாவின் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். காலாவதிக்கு ஓராண்டாவது பாக்கி இருக்கட்டும். பாகு பழசாக ஆக நிறம் கறுக்கும், எழுதும் மைபோல ஒரு கடைசி ருசி ஒட்டிக்கொள்ளும், அதற்கு எந்த ஈஸ்ட்டும் மருந்தில்லை. தள்ளுபடி விலையில் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்கள் பெரும்பாலும் இவைதான்.

குடிக்கும் அன்று, பாட்டிலைப் பிரிட்ஜில் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்திருந்து, ஒரு ஜக்கில் ஒரே சாய்ப்பில் ஊற்றுங்கள். இடையில் நிமிர்த்தினால் மண்டி கலங்கிவிடும். அடியில் ஒரு விரல் அளவு விட்டுவிட்டு, பாட்டிலை அப்போதே வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். காய்ந்த மண்டியை மறுநாள் பிரஷ் போட்டுத் தேய்ப்பது வீண் பாடு.